மெல்லிய கம்பி

நம் இல்லங்களில் இயங்கும் பொறிகளுள் இருவகைக் கம்பிகள் உள. ஒன்று ஆற்றலைச் சுமப்பது. மற்றொன்று செய்தியைச் சுமப்பது. முன்னையது பருத்தது. அது பழுதுற்றால் சுடும், புகையும்; தன் குற்றத்தைத் தானே அறிவித்துவிடும். பின்னையதோ வீணைத் தந்தியினும் நுண்ணிய செப்பிழைகள் சில கூடியது; அதன்வழி ஓடும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அது பழுதுற்றால் ஓசையும் இல்லை, புகையும் இல்லை. தமிழிலக்கணம் பயிலும் யான் இத்தகைய கம்பியொன்றைக் குறித்து எழுதப் புகுந்தது, சென்ற மழைக்காலத்தில் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றனாலேயாம்.

எமதூர் தஞ்சைக்கு வடக்கே வெண்ணாற்றுப் பாசனத்தைச் சார்ந்த சிற்றூர். ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் மழை மிகுந்து சம்பா வயல்களில் நீர் நிறையுமாயின், வரப்பில் வளை தோண்டி வாழும் எலிகள் மேட்டு நிலத்தை நாடி வீடுகளிற் புகும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன; கறித்துக் கறித்துத் தேய்த்தாலன்றி அதற்கு வாழ்வில்லை. அங்ஙனம் புகுந்த ஓர் எலி எம் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தே இருந்த மெல்லிய கம்பிகள் இரண்டைக் கடித்து அறுத்துவிட்டது. பெட்டியின் முகப்பிலுள்ள விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கிற்று.

அப்பெட்டியில் என் பாட்டியாருக்குரிய இன்சுலின் குப்பிகள் ஐந்து இருந்தன. திறவாத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைத்தல் வேண்டும். ஆதலின் யான் காலம் தாழ்க்கவில்லை. கம்பிகளின் உறையைப் பல்லாற் கடித்து நீக்கி, முனைகளை முறுக்கி, இரண்டனையும் சேர்த்து ஒரே கறுப்பு நாடாவாற் சுற்றினேன். விளக்கு மின்னுதல் நின்றது. தமிழ் படிக்கும் தம் பேரன் மின்சார வேலையும் அறிவான் என்று பாட்டியார் அண்டை வீட்டாரிடமெல்லாம் கூறி மகிழ்ந்தார். யானும் அப்புகழை மறுத்திலேன்.

பத்து நாள்கள் சென்றன. கீழ்த்தட்டிலிருந்த தக்காளிகள் கல்லாயின. குடிநீர்ப் புட்டியில் பனிக்கட்டி கட்டிற்று. என் வேலையிலே குற்றம் இருக்குமோ என்னும் ஐயம் அப்பொழுதே எழுந்தது. எனினும் பெற்ற புகழை இழக்க மனம் ஒருப்படவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் குளிரின் அளவைக் குறைக்கும் திருகை மட்டும் திருப்பிவைத்தேன். மூன்றாம் நாட் காலை பாட்டியார் குப்பியை எடுத்தபோது மருந்து உறைந்திருந்தது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பின்னர் உருகினும் பயன்படுத்தத் தக்கதன்று என்று மருந்துக்கடைக்காரர் கூறினார். ஐந்து குப்பிகளும் குப்பைக்குச் சென்றன. தந்தையார் தஞ்சைக்கு விரைந்து சென்று புதியன வாங்கி வரும்வரை, காலையில் இட வேண்டிய ஊசி நண்பகல் அளவும் தள்ளிப்போயிற்று. அவ்வளவு நேரமும் பாட்டியார் உண்ணாது காத்திருந்தார்.

அன்று மாலை, முன்னாளில் கீழவாசலில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்த முதியவர் ஒருவரைத் தந்தையார் அழைத்துவந்தார். அவர் மின்தொடர்பை நீக்கியபின் பெட்டியைத் திருப்பினார், நாடாவைக் கண்டார், என்னையும் நோக்கினார்.

“தம்பி, இது உன் கைவேலையா?”

“ஆம், ஐயா.”

அவர் சினந்திலர். கம்பிகள் செருகப்பட்டிருந்த இணைப்பானை, கம்பியைப் பற்றி இழாமல், அதன் உடலையே பற்றிக் கழற்றினார். அறையின் வெப்பத்திற்குப் பெட்டி முழுதும் வரும்வரை காத்திருந்து, மல்டிமீட்டரால் அளந்தார். நாடாவோடு அளந்தபோது ஏழாயிரத்துச் சொச்சம் ஓம் காட்டிற்று. நாடாவைப் பிரித்து, கம்பிகளை விலக்கித் துடைத்து உலர்த்தியபின் அளந்தபோது ஒன்பதாயிரத்தை அணுகிற்று.

வெப்பத்தை அறியும் உணரி எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பதையும் அவரே விளக்கினார். உலோகங்கள் சூடேறினால் மின்சாரத்திற்குத் தடை மிகும். சில பொருள்களோ அதற்கு மாறானவை. 1833ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே வெள்ளிச் சல்பைடில் இவ்வியல்பைக் கண்டார். இளமையில் புத்தகங் கட்டும் தொழில் பயின்று, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியலிற் புகுந்தவர் அப்பெரியார். எம் பெட்டியிலிருந்த உணரியும் இவ்வியல்பினதே. அதன் தடை 25 டிகிரியில் 10,000 ஓம். நீர் உறையும் குளிரில் ஏறக்குறைய 30,000 ஓம். அத்தடையைக் கொண்டே பெட்டி உள்ளிருக்கும் குளிரை அறிகின்றது.

“இரண்டு இணைப்பையும் அருகருகே வைத்து ஒரே நாடாவாற் சுற்றிவிட்டாய். சூட்டிலே பசை இளகி, மழைக்காலத்து ஈரமும் தூசியும் உள்ளே புகுந்தன. ஈரம் இரு கம்பிக்கும் நடுவே ஒரு குறுக்குவழி போட்டது. வழி கூடினால் தடை குறையும். தடை குறைந்தால், உள்ளே வெப்பம் மிகுந்திருக்கிறதென்று பெட்டி நம்பும், நிறுத்தாமல் குளிர்விக்கும். உணரியின் தடை மிகுகின்ற குளிரிலேதான் இந்தக் குறுக்குவழியின் பிழையும் மிகும்” என்றார். பின்னர்ச் சிறிது பொறுத்து, “கம்பி அறுந்தே கிடந்திருந்தாலும் தீங்கில்லை, தம்பி. அறுந்த கம்பி ஊமை. அது பேசவில்லை என்று பெட்டி விளக்கைக் காட்டிச் சொல்லிற்று. நீ இணைத்த கம்பி பேசிற்று; பொய் பேசிற்று” என்றார்.

அச்சொல் என் நெஞ்சிற் தைத்தது. பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளையைச் சிறுவயது முதல் ஓதிவருபவன் யான். கம்பி பொய் சொன்னது பத்து நாள். யான் மெய்யை மறைத்தது மூன்று நாள்.

அவர் வேலை செய்த முறையை உள்ளவாறு எழுதுகின்றேன், பிறருக்கும் பயன்படலாம். கம்பியின் பச்சைபூத்த பகுதியை, ஒளிரும் செம்பு தோன்றும்வரை வெட்டி எறிந்தார். ஒரு கம்பியை நீளமாகவும் மற்றொன்றைக் குறுக்கியும் வெட்டினார். இரண்டு இணைப்பும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வாராமைப் பொருட்டு. சுட்டால் சுருங்கும் மெல்லிய குழலை முன்னரே கம்பியிற் கோத்துக்கொண்டார். இணைத்தபின் அதனைக் கோத்தல் இயலாதன்றோ? ஓரிழையும் அறாதபடி உறையை நீக்கி, முனைகளை ஒன்றையொன்று தழுவ முறுக்கினார். சூட்டுக்கோலைக் கம்பியின்மேல் வைத்து, ஈயத்தைக் கம்பியின் சூட்டினாலேயே உருகவிட்டார். அஃது ஆறும்வரை கையை அசைத்திலர். தகர வேலைக்குரிய அமிலம் செம்பை அரிக்கும். பிசின் உள்ளமைந்த ஈயமே இதற்கு ஏற்றது என்றார். பின்னர்க் குழலை இணைப்பின்மேல் நகர்த்திச் சுடவே, அது சுருங்கி இறுகப் பற்றிற்று.

யாப்பிலக்கணத்தில் ஆசு என்பதொன்று உண்டு. இரண்டு குறள்வெண்பாக்களைத் தனிச்சொல்லால் ஒரு வெண்பாவாக்குங்கால், ஓசை பொருந்தாதாயின் ஓரசையோ ஈரசையோ கூட்டி ஒன்றுவிப்பர். உலோகத் துண்டுகளைப் பொருத்தும் கொல்லர் இடையிலே இடுகின்ற பற்றாசு போன்றது அது என உரையாசிரியர் கூறுவர். இவ்வுவமையைத் தேர்வுக்காக மனனஞ் செய்து எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். பற்றாசு உருகி இழைகளினூடே பரவி இரண்டை ஒன்றாக்கும் காட்சியைக் கண்டதோ அன்றுதான்.

முதியவர் சென்றபின் பாட்டியாரிடம் திருகைத் திருப்பிய செய்தியை உரைத்தேன். அவர் நெடுநேரம் வாளா இருந்தார். “ஏன் ஐயா, முன்னமே சொல்லியிருக்கலாகாதா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றளவும் என்னிடம் விடையில்லை.

இப்பொழுது எம் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருக்கின்றது. பாட்டியார் நாள்தோறும் காலையில் அதனைப் பார்த்து எனக்கு அளவு சொல்லுவார். விடுதியில் இருக்கும் நாள்களில் தொலைபேசியிற் சொல்லுவார். நான்கு, ஐந்து, நான்கு என்று அவர் கூறும் எண்களைக் கேட்ட பின்னரே யான் வகுப்பிற்குச் செல்லுகின்றேன்.