காண்டலும் கருதலும்

2010 மே 22 அன்று காலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம் மங்களூரு ஓடுபாதையில் தரைதொட்டது; ஆனால் ஓடுபாதைக்குள் நிற்கவில்லை. பாதையின் எல்லையைத் தாண்டி ஓடி, வலப்பக்கச் சிறகு அங்கிருந்த கருவிக் கட்டமைப்பில் மோத, மலைச்சரிவில் விழுந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். 8 பேர் உயிர் தப்பினர். கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பிய குடும்பங்கள் பல அதில் இருந்தன.

தீ அணையும் முன்பே காரணங்கள் பிறந்துவிட்டன. மங்களூரு ஓடுபாதை, குன்றின் தலையைச் சீவி அமைத்த மேட்டுப்பாதை, முனையில் பள்ளம். எனவே ஓடுபாதையே குற்றவாளி என்றனர் சிலர். தலைமை விமானி வெளிநாட்டவர். இந்த ஊர் அவருக்குப் பழக்கமில்லை என்றனர் வேறு சிலர். டயர் வெடித்தது போன்ற ஓசை கேட்டதாக உயிர் பிழைத்தோர் சொன்னதைக் கொண்டு, இயந்திரக் கோளாறு என்றும் பேசப்பட்டது. பெருந்துயரைக் காரணம் தெரியாமல் சுமப்பது கடினம். பொய்க்காரணமேனும் கிடைத்தால் மனம் அதன்மேல் சாய்ந்து சற்று இளைப்பாறுகிறது. இதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அங்கேயே தங்கிவிடுவதுதான் ஆபத்து.

உண்மையை அறியும் வழிகளைத் தமிழ் மரபு அளவைகள் என்றது. அவற்றுள் கண்டு அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது கருதல். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது போன்றது அது. கருதலுக்குக் காண்டல் அடிப்படை. அந்த அடிப்படை இல்லாதபோது கருதல் வெறும் ஊகமாகிவிடும். மங்களூருவில் காண்டலுக்கு உரியவை கருகிய சிதைவுகளுக்குள் கிடந்தன. விமானிகளின் உரையாடலைப் பதிவுசெய்யும் கருவியும், பறப்பின் விவரங்களைப் பதிவுசெய்யும் கருவியும் மீட்கப்பட்டன. அவற்றைக் கேட்டும் படித்தும் விசாரணை மன்றம் ஆராய்ந்தபோது, முதல்நாள் ஊகங்கள் ஒவ்வொன்றாக மெலிந்தன.

அன்று வானிலை தெளிவாகவே இருந்தது. காற்றும் அமைதியாக இருந்தது. விபத்தை விளைவிக்கத்தக்க இயந்திரக் கோளாறு ஏதும் புலப்படவில்லை. தலைமை விமானியும் துணை விமானியும் அதே ஊரில் முன்பே பலமுறை தரையிறங்கியவர்கள். 2450 மீட்டர் நீள ஓடுபாதை இவ்வகை விமானத்துக்குப் போதாததும் அன்று. எனினும் ஓடுபாதை பற்றிய ஊகத்தை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட இயலாது. சமவெளியில் புல்தரையில் சறுக்கி நின்றிருக்கக்கூடிய பிழைக்கு, அந்த மேடு உயிர்களை விலையாகக் கேட்டது. பள்ளம் பிழையைப் படைக்கவில்லை. பிழைக்கு மன்னிப்பு இல்லாமல் செய்தது.

அப்படியானால் பிழை எது? பதிவுக்கருவியில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் விமானிகளிடையே பேச்சில்லை; தலைமை விமானியின் குறட்டை ஒலி கேட்டது. உறக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுமையாக விழித்துவிடுவதில்லை; முடிவெடுக்கும் ஆற்றல் சிறிது நேரம் மந்தமாகவே இருக்கும். அதுவோ உடல் இயல்பாகவே சோர்ந்திருக்கும் விடியற்பொழுது. அன்று மங்களூருவின் ராடார் பழுதுற்றிருந்தமையால், இறங்கத் தொடங்குவதற்கான அனுமதியும் வழக்கத்தைவிட ஊருக்கு நெருங்கிய பின்னரே கிடைத்தது. விளைவாக, இறங்குசரிவில் இருக்கவேண்டிய உயரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு உயரத்தில் விமானம் வந்தது. தலைமை விமானி அதனைச் செங்குத்தாக இறக்கினார். எச்சரிக்கைக் கருவி மீண்டும் மீண்டும் குரல் கொடுத்தது. ஓடுபாதையின் தொடக்கப் பகுதியில் தரைதொட வேண்டிய சக்கரங்கள், ஏறத்தாழ 1600 மீட்டர் கடந்த பின்னரே தொட்டன. அப்போதும் முழு விசையுடன் தடையை அழுத்தி நிறுத்தியிருந்தால் விமானம் ஓடுபாதைக்குள் நின்றிருக்கக்கூடும் என்றது அறிக்கை. தலைமை விமானியோ நிறுத்தத் தொடங்கிய பின் மனம் மாறி, மீண்டும் மேலெழ முயன்றார்.

இவ்வளவையும் ஒரு சொல்லில் அடைக்கலாம்: விமானியின் பிழை. நாளிதழ்த் தலைப்புக்கு அது போதும். விசாரணைக்குப் போதாது. ஏனெனில் அவ்வறையில் இன்னொருவரும் இருந்தார்.

துணை விமானிக்கு நடப்பது தெரிந்திருந்தது. இறங்குவதைக் கைவிட்டு மேலெழும்படி அவர் மும்முறை சொன்னார். ஒருமுறை சொல்லி ஓய்ந்தவர் அல்லர், மூன்று முறை. சொல்லப்பட்டது தெளிவான சொல். கேட்கும் தொலைவும் ஒரு முழம். ஆயினும் தலைமை விமானி இறங்கிக்கொண்டே இருந்தார். துணை விமானியின் முன்னாலும் அதே கட்டுப்பாட்டுக் கருவிகள் இருந்தன. கையை நீட்டிப் பற்றியிருந்தால், இன்னொரு சுற்றுச் சுற்றிவந்து இறங்கியிருக்கலாம். பத்து நிமிடத் தாமதம், அவ்வளவே. அவர் பற்றவில்லை.

ஏன் பற்றவில்லை? இவ்விடத்தில் காண்டல் முடிந்துவிடுகிறது. ஒலிப்பதிவு குரலைத் தரும், தயக்கத்தைத் தராது. அறிக்கை ஒரு காரணத்தைக் கருதிச் சொல்லியது: அத்தகைய நேரத்தில் துணை விமானி தாமே விமானத்தை மேலெழச் செய்யலாமா என்பது குறித்த விதிகள் ஐயத்துக்கு இடமின்றி அமைந்திருக்கவில்லை, அதனாலேயே அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்கவில்லை போலும். விதி தெளிவாக இருந்திருந்தால் மட்டும் அக்கை எழுந்திருக்குமா? அனுபவத்திலும் பதவியிலும் மூத்தவர் ஒருவரின் கையிலிருந்து, அவர் விழித்திருக்கும்போதே, அவர் செய்துகொண்டிருக்கும் செயலைப் பறிப்பது எளிதன்று. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைத் தவறாகப் போடும்போது, முன்வரிசையில் கண்டுகொண்ட மாணவர் எத்தனை பேர் எழுந்து சொல்வர்? அங்கே இழப்பு ஒரு விடை மட்டுமே; அப்போதும் பலர் பேசாதிருப்பர். துணை விமானி பேசினார். பேச்சுக்கும் செயலுக்கும் இடையே மிஞ்சியிருந்த சில நொடிகளில்தான் 158 உயிர்கள் இருந்தன.

விமானத்துறை இதனை அறியாததன்று. விமானி அறையில் இளையவர் சொல் எடுபடப் பயிற்சிகள் வகுக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மங்களூரு விசாரணைக்குப் பின்னும் பரிந்துரைகள் பல முன்வைக்கப்பட்டன.

பத்தாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டு 7 அன்று இரவு, அதே நிறுவனத்தின் அதே வகை விமானம் துபாயிலிருந்தே வந்து, கோழிக்கோட்டின் மேட்டு ஓடுபாதையில் மழையினூடே இறங்கியது. பாதையின் பாதியளவு கடந்தே தரைதொட்டு, எல்லை தாண்டிச் சரிவில் விழுந்து பிளந்தது. 190 பேரில் விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். முதல்நாள் ஊகங்கள் இப்போது மழையைச் சுட்டின. ஓடுபாதையை மறுபடியும் சுட்டின. அடுத்த ஆண்டு வெளியான அறிக்கையில், மேலெழும்படி துணை விமானி சொன்னார் என்று இருந்தது. கட்டுப்பாட்டை அவர் தம் கையில் எடுக்கவில்லை என்றும் இருந்தது.