அடையாற்றில் ஒரு திசு ஆய்வுக்கூடம்

மூளையில் தோன்றும் கட்டிகளுள், ஒரே கட்டிக்குள் இரண்டு ஜாதி உயிரணுக்கள் கலந்து வளரும் அபூர்வமான சில உண்டென்றும், ஸ்கேன் படம் எவ்வளவு தெளிவாயிருப்பினும் அதைக் கொண்டு மட்டும் அவற்றை நிச்சயிக்க இயலாதென்றும் வைத்திய நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, அந்த நிச்சயம் எவர் கையில் உருவாகிறதென்று பார்க்கும் ஆவலோடு அடையாற்றில் ஒரு திசு ஆய்வுக்கூடத்துக்குச் சென்றேன். இவ்வட்டாரத்துக்கு இத்துறையில் நெடுநாளைய பாத்தியதை உண்டு. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது இங்கேதான். சென்னையில் மூளை அறுவைச் சிகிச்சையை வேரூன்றச் செய்த டாக்டர் பி. ராமமூர்த்தி பிற்காலத்தில் பணிபுரிந்த வி.எச்.எஸ். மருத்துவமனையும் அருகிலேயே இருக்கிறது.

நான் நுழைந்த வேளையில், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த சிறு டப்பியைத் திறந்து, கடுகளவு திசுவை ஒரு ஸ்லைடின்மேல் வைத்து, மற்றொரு ஸ்லைடால் மெல்ல நசுக்கி இழுத்து, சாயமேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார் தலைமை நிபுணரான அம்மையார். நீர் மிகுந்த மூளைத் திசுவை உறையவைத்துச் சீவினால் பனிப் படிகங்கள் உயிரணுக்களின் உருவத்தைச் சிதைத்துவிடுமாதலால், 1930இல் ஐஸன்ஹார்ட் என்ற அம்மையாரும் மூளை அறுவை நிபுணர் குஷிங்கும் விவரித்த இந்த நசுக்கு முறை இன்றளவும் வழக்கிலிருக்கிறது. "ஹை கிரேடு மாதிரி இருக்கு சார், மிச்சத்தைப் பிளாக் பார்த்துச் சொல்றேன்" என்று தியேட்டருக்குத் தொலைபேசியில் சொன்னார்.

அந்தப் பிளாக்கைச் சீவுகிறவரைத்தான் நான் முக்கியமாய்ப் பார்க்க விரும்பினேன். ஃபார்மலினில் ஊறி, ஆல்கஹாலில் நீர் வற்றி, ஏறத்தாழ 60 டிகிரிச் சூட்டில் உருகிய மெழுகை உறிஞ்சி இறுகிய திசுவைப் பெரியவர் ஒருவர் ஐஸ் தட்டில் குளிரவைத்து, மைக்ரோடோமில் பூட்டி, அதன் முகத்தில் ஒரு முறை வாயால் ஊதி, கைப்பிடியைச் சுற்றலானார். தலைமயிர்ப் பருமனில் சுமார் இருபதில் ஒரு பங்கே கனமுள்ள சீவல்கள் ரிப்பனாய் இறங்கின. தூரிகை முனையால் ஏந்தி வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் ஸ்லைடில் ஏற்றினார். "பிளேடுல ஒரு சின்ன பிசிறு இருந்தாலும் குறுக்கே கோடு விழுந்துடும் சார். அப்புறம் டாக்டருக்கு அந்த இடம் போச்சு" என்றார். இவர் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை.

அம்மையார் பழைய ஸ்லைடுகள் சிலவற்றை எனக்குக் காட்டினார். நரம்பணுக்களைத் தாங்கும் கிளையா அணுக்களோடு இணைப்புத்திசுவை ஒத்த அணுக்களும் கலந்த கிளையோசார்கோமா என்பதில், வெள்ளிச் சாயமேற்றிய ஸ்லைடில் கரிய இழைகள் அடர்ந்திருந்த இடம், கிளையா அணுக்களைக் காட்டும் பழுப்புச் சாய ஸ்லைடில் வெறுமையாயும், அங்கே பழுப்பேறிய இடம் இங்கே இழையற்றும் இருந்தன. இரண்டு பகுதியிலும் ஒரே மரபணுப் பிழைகள் காணப்படுவதால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது இன்றைய முடிவு.

இதற்கு நேர்மாறான சரித்திரம், ஆலிகோடென்ட்ரோசைட், ஆஸ்ட்ரோசைட் என்ற இரு வகைக் கிளையா அணுக்கள் கலந்ததென்று கருதப்பட்ட ஆலிகோஆஸ்ட்ரோசைட்டோமாவுடையது. ஆலிகோ அணுவின் அடையாளமென்று சொல்லப்படும், ஓட்டல் ஆஃப்பாயிலை ஒத்த வெளிறிய வளையம், உண்மையில் ஃபார்மலின் பக்குவத்தால் விளையும் தோற்றமே. உறையவைத்த சீவலில் அது தென்படாது. ஆகவே ஒரே ஸ்லைடை ஒருவர் கலப்பு என்றும் மற்றவர் அல்லவென்றும் சொல்வது சகஜமாயிருந்தது. ஐ.டி.எச். மரபணு மாற்றத்தையும், 1பி, 19க்யூ குரோமோசோம் கரங்கள் சேர்ந்து இழக்கப்படுவதையும் சோதிக்க முடிந்த பிறகு, அநேகமாய் எல்லாமே இரண்டில் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டன. உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் அப்பெயரை ஊக்குவிக்காமல் விட்டு, 2021இல் பட்டியலிலிருந்தே நீக்கியது. அந்தக் கலப்பில் பெரும்பங்கு கட்டியில் அல்ல, கண்ணில்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் கண்ணைத் தள்ளிவிடவும் முடியாது. வலிப்போடு வரும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் காணப்படும் கேங்கிளியோகிளையோமாவில், நரம்பணுக்களும் கிளையா அணுக்களும் மெய்யாகவே கலந்திருக்கின்றன. பெரும்பாலும் அறுவையோடு அடங்கிவிடும் சாதுவான கட்டி அது. பரிசோதனைக்கு வந்த துணுக்கில் கிளையாப் பகுதி மட்டும் அகப்பட்டால், வேறு கட்டியென்று கருதி, வேண்டாத கதிர்வீச்சுக்குப் பிள்ளையை அனுப்பும் அபாயம் உண்டு. அதனால்தான் தியேட்டரிலிருந்து வந்த திசுவில் துளியும் மிச்சம் வைக்காமல் அனைத்தையும் பிளாக்காக்க வேண்டுமென்று அம்மையார் பிடிவாதமாயிருக்கிறார்.

மேல்சிகிச்சைக்கு வேறு மருத்துவமனை நாடுவோர் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டாம். அதிலிருந்து புதிதாய் ஒரு சாயமும் ஏற்ற முடியாது. மெழுகுப் பிளாக்கையோ பல்லாண்டு கழித்தும் மீண்டும் சீவலாம். பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.