பின் சக்கரம் விஷயமாக மருமகனுக்கு

தென்காசி
ஆனி மாதம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. தாத்தாவின் அம்பாசடரை ஷெட்டிலிருந்து எடுத்து நீ ஓடவைத்த விஷயத்தை உன் ஆச்சி இரண்டு தெருவுக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

பெயின்ட், சீட், ரேடியோ எல்லாம் உன் இஷ்டம். நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் பின்பக்கம் மட்டும் அகல ரிம் மாட்டி இன்னோவா டயர் போடப்போகிறேன், அட்வான்ஸ் கொடுக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளப் பதில். போனில் சொன்னால் ‘சரி மாமா, சரி மாமா’ என்று வைத்துவிடுவாய்.

பின் சக்கரத்தை அகலமாக்குவது வெறும் பகட்டுக்காக வந்த வழக்கம் இல்லை. 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காருக்கு முன் ரிம் 6 அங்குலம், பின் ரிம் 7 அங்குலம். அதில் இன்ஜினே பின்னால்தான் இருக்கிறது. 210 குதிரைச் சக்தியும் பின் சக்கரம் வழியாகத்தான் தரைக்கு இறங்க வேண்டும். அங்கே அகலத்துக்கு வேலை இருக்கிறது. நம் வண்டி என்ன? முன்னால் 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைச் சக்தி. நீ எவ்வளவு மிதித்தாலும் காய்ந்த ரோட்டில் பின் டயர் வழுக்கிச் சுழலப்போவதில்லை. ஆகவே உனக்கு அகலம் கேட்பது இன்ஜின் இல்லை, கண். அது தப்பில்லை, பின்னாலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்கு என்ன விலை என்பதைத்தான் சொல்லவருகிறேன்.

நீ எழுதிய அளவு 205/65 ஆர்15. 205 மில்லிமீட்டர் அகலம். பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 133 மில்லிமீட்டர். 15 அங்குல ரிம் என்றால் 381. மேலும் கீழும் 133 சேர்த்தால் மொத்த உயரம் 647. உயரத்தில் பெரிய வம்பு இல்லை, ஸ்பீடாமீட்டர் அவ்வளவாகப் பொய் சொல்லாது. வம்பு அகலத்தில்தான். அந்த டயருக்கு ரிம் குறைந்தது ஐந்தரை அங்குலம் வேண்டும். தாத்தா ஓட்டியது 5.90-15, நூல் அடுக்கு குறுக்கே போகிற பழைய கிராஸ்பிளை டயர். அதற்கென்று வந்த இரும்பு ரிம் குறுகல். அதிலேயே 205-ஐத் திணித்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும்.

ரிம்மை வட்டமாக அறுத்து, நடுவில் பட்டை வைத்து வெல்டிங் அடித்து அகலமாக்கித் தருகிறோம் என்று சில பட்டறையில் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் ரிம் கோணினால் சக்கரம் ஆடும். நுண்ணிய விரிசல் விட்டால் ஓடும்போது தெரியாது. காசு போனாலும் பரவாயில்லை, முழுசாகச் செய்த ரிம்மாக வாங்கு.

போன குற்றால சீசனில் கேரளப் பதிவு அம்பாசடர் ஒன்று செங்கோட்டை ரோட்டில் ஒரு பட்டறையில் நின்றது. நீ சொல்கிற அதே வேலை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். டயரின் வெளித் தோளில் சுற்றிலும் கத்தியால் சீவினது மாதிரி ஒரு பள்ளம். மட்கார்டின் உள்மடிப்பில் பெயின்ட் போய்த் தகரம் பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே கறுப்பு ரப்பர் தூள் அப்பிக் கிடந்தது. உள்பக்கம் கமான்பட்டைக்கும் டயருக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழையவில்லை. ஓட்டிவந்த பையன், வெறும் வண்டியில் உரசவே இல்லை என்றான். உரசாதுதான். குடும்பத்தை ஏற்றி, டிக்கியில் மூட்டை வைத்து, வளைவில் சாயும்போது பட்டை படியும். ஆக்ஸிலும் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். நம் அம்பாசடரில் பின் மட்கார்டு சக்கரத்தின் மேல்பாகத்தை மறைத்துக்கொண்டு இறங்குகிறது. அகல டயர் பஞ்சரானால் கழற்றுவதே ஒரு போராட்டம். உரசாமல் இருக்க ரிம்மை வெளியே தள்ளி வைத்தால் பாரம் வீல் பேரிங்குக்கும் ஆக்ஸில் ஷாஃப்டுக்கும் போகும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம் என்றே வை. சாரலை என்ன செய்வாய்? நீ இங்கே வரப்போவது ஆனி, ஆடியில். ராஜபாளையம், புளியங்குடி தாண்டிக் கடையநல்லூர் வந்ததுமே ரோடு நனைந்திருக்கும். டயர் தரையில் பதிகிற பரப்பு பெரும்பாலும் வண்டியின் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகல டயர் போட்டால் அந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. நீளமாக இருந்தது குட்டையாகி அகலமாகும், அவ்வளவுதான். குறுகிய டயர் தண்ணீரை இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு போகும். அகல டயருக்கு முன்னால் தண்ணீர் ஒதுங்க வழி குறைவு, சீக்கிரம் மிதந்துவிடும். 1960-களில் நாசா விமானச் சக்கரங்களை வைத்து ஒரு கணக்கு கண்டது. அதன்படி 25 பவுண்டு காற்று வைத்த டயர், தேங்கிய தண்ணீரில் மணிக்கு 83 கிலோமீட்டரை நெருங்கும்போதே தரையை விட்டு எழும்பும். அகல டயர் கடினமாக ஓடுகிறதென்று காற்றைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் சூரியனுடைய தேர்ச்சக்கரத்தையே அருவித் தண்ணீரில் வழுக்கவிட்டவர். உன் டயர் எம்மாத்திரம்!

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. முன்னால் பழைய கிராஸ்பிளை, பின்னால் அகல ரேடியல் என்றால் பின்பக்கம் பிடிக்கும், முன்பக்கம் விடும். ஸ்டீயரிங்கைத் திருப்புவாய், வண்டி நேராகவே போகும். ஆரியங்காவு போகிறபோது புளியரை தாண்டி எஸ் வளைவு இருக்கிறதல்லவா, எதிரே பாரம் ஏற்றிய லாரி இறங்குகிற இடம், அங்கே மழையில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று நீயே யோசி. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று மாற்றிப் போட்டால் அதைவிட மோசம். வால் முன்னால் வந்துவிடும். நாலும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது, மட்கார்டுக்கு வெளியே துருத்துகிற சக்கரம்தான் முதலில் கண்ணில் படும்.

என் முடிவு இதுதான். நாலு சக்கரத்துக்கும் 165 ஆர்15 ரேடியல் போடு. பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலுக்குப் போட்ட அளவு. குறுகல் ரிம்மில் ஒழுங்காக உட்காரும், ஸ்டீயரிங்கும் கனக்காது. சாதாரணக் கடையில் இருக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள கடைசி நாலு எண்ணைப் பார். 1424 என்றிருந்தால் 2024-இல் 14-ஆவது வாரம் செய்தது. அதிகம் ஓடாத அளவு என்பதால் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஒரு நாள் கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய், பழைய கார்களுக்குக் குறுகல் டயர் எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வா.

அதற்கப்புறமும் அகலம்தான் வேண்டும் என்றால் எனக்குச் சில அளவுகள் எடுத்து அனுப்பு. பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, வண்டி சமதளத்தில் நிற்கும்போது கமான்பட்டைக்கும் டயருக்கும் எவ்வளவு இடைவெளி, மட்கார்டு உதட்டிலிருந்து தூக்குநூல் விட்டால் டயர் எவ்வளவு உள்ளே இருக்கிறது, ரிம்மின் உள்அகலம் எவ்வளவு. இரண்டு பக்கமும் தனித்தனியாக எடு. இந்த வயசான வண்டியில் இடதும் வலதும் ஒன்றுபோல இருக்காது. அதை நான் பார்த்துப் பதில் எழுதுகிற வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மாமா