காதுக்கும் சொல் வேண்டும்

ஜவுளிக் கடையில் நம் வீட்டுப் பெண்மணிகள் பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று நிறத்துக்கு நிறம் பெயர் சொல்லுவார்கள். ஆனால் கச்சேரி கேட்டுவிட்டு வருகிறவரை, "நாதம் எப்படி?" என்று விசாரித்துப் பாருங்கள். "பேஷ்!" என்பார், அல்லது, "சுமார்" என்பார். அதற்கு மேல் காதுக்காக வழக்காட அவரிடம் வார்த்தை கிடையாது.

கள்ளக்குறிச்சியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வரும் நாமும் இந்தச் சங்கதியைப் பற்றி அதிகமாய் யோசித்ததில்லை. சென்னையில் வேலை பார்க்கும் நம் மருமான் தீபாவளிக்குக் காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தான். "மாமா, இது கொஞ்சம் வார்ம், என்னுடையது பிரைட், மலிவானதெல்லாம் மட்டி" என்று அவன் அடுக்கவே, நாம் திகைத்துப் போனோம். சப்தத்துக்குச் சூடு உண்டா? வெளிச்சம் உண்டா? சேறுதான் உண்டா?

பையன் பொறுமைசாலி. ஒரே பாட்டைப் பலவிதமாய் ஒலிக்கச் செய்து பாடம் நடத்தினான். மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். இந்த அதிர்வுக் கணக்குக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். தவிலின் தொப்பி எழுப்பும் கனம் கீழ்ப்பகுதியைச் சேர்ந்தது. ஜாலராவின் 'ஜல்' மேற்பகுதியைச் சேர்ந்தது. கீழ்ப்பகுதி சற்றுத் தூக்கலாயிருந்தால் குரலுக்கு ஒரு கதகதப்பு வருகிறது. மேற்பகுதி தூக்கலாயிருந்தால் பளிச்சென்று இருக்கிறது. கீழே ஒன்றோடொன்று மோதிக் குழம்பினால் அதுதான் சேறு.

பாடம் முடிந்ததும் நம் தமிழாசிரிய மனம் சும்மா இருக்கவில்லை. 1892-ல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் எடுத்துப் புரட்டினோம். கீழ், நடு, மேல் என்னும் மூன்று இசை நிலைகளுக்கும் மெலிவு, சமன், வலிவு என்ற பெயர்கள் அங்கே தயாராய் இருக்கின்றன. யாழின் ஓசையில் நேரும் குற்றங்கள் நான்கு. பண்ணோடு பொருந்தாமல் இனிமை கெட்டு ஒலிப்பது செம்பகை. அளவு மிஞ்சி இரைவது ஆர்ப்பு. மழுங்கிப் போவது கூடம். ஒழுகிச் செல்லாமல் சிதறுவது அதிர்வு. மருமானின் 'மட்டி'க்குக் கூடம் என்பது எவ்வளவு பொருத்தம்! சீவக சிந்தாமணியிலோ, நீரில் நின்றழுகிய மரம், இடி விழுந்த மரம் என்று குற்றம் கண்டு சீவகன் யாழ்களைத் தள்ளுகிறான். கெட்ட ஓசைக்குப் பெயர் வைத்ததோடு நில்லாமல், அதன் காரணத்தையும் தேடியவர்கள் நம் முன்னோர்.

இதெல்லாம் பண்டிதர் விளையாட்டு என்று வாசகர்கள் எண்ணலாம். சில மாதங்களுக்குள் இந்தச் சொற்களுக்கு உண்மையாகவே வேலை வந்தது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர்ப் பெண், விடுதியில் தங்கி நம் வகுப்பில் படிக்கிறாள். 'பத்து' என்றால் 'பட்டு' என்று எழுதுவாள். 'கச்சை'யைக் 'கட்டை' ஆக்கிவிடுவாள். மந்த புத்தி என்று பெயர் வாங்கிவிட்டாள். "காது கேட்கவில்லையா, அம்மா?" என்று கேட்டால், "கேக்குது ஸார்" என்பாள். அதுவும் வாஸ்தவந்தான்.

ஒரு நாள் கேள்வியை மாற்றினோம். மழைக்காலத்தில் கோமுகி இரைவது கேட்குமா? கேட்குமாம். தவில்? நன்றாய்க் கேட்குமாம். காட்டில் சிள்வண்டு? அவள் விழித்தாள். "அது கத்துமா ஸார்?" என்றாள்.

மெலிவு இருக்கிறது, வலிவு இல்லை! உயிரெழுத்தின் பலம் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் உள்ளது; ச, ட, த போன்ற வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் பெரிதும் இருக்கிறது. ஆகவே அந்தக் குழந்தைக்குப் பேச்சின் உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாய்ச் சோதித்தார்கள். கோடு இடப்புறம் சமமாய் ஓடி, வலப்புறம் மலைச்சரிவு போல் இறங்கிற்று. காதுக் கருவி கொடுத்தார்கள். பொருத்திய பிறகு, "எப்படி இருக்கிறது?" என்று நிபுணர் கேட்க, "நல்லா இருக்கு" என்றாள் பெண். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் எதைத் திருத்துவார்? "நன்றாயிருப்பது இருக்கட்டும், எதைப் போல இருக்கிறது?" என்று நாம் கேட்டோம். சற்று யோசித்து, "தகர டப்பாவுக்குள்ள பேசறாப்பல இருக்கு, ஸார்" என்றாள். நிபுணர் முகம் மலர்ந்தது. மேற்பகுதியைச் சிறிது குறைத்தார். அவள் முகமும் மலர்ந்தது.

தகர டப்பா எந்த இலக்கண நூலிலும் இல்லைதான். ஆயினும் செம்பகை, கூடம் என்ற வரிசையில் அதற்கும் ஓர் இடம் கொடுக்க நாம் தயார். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவரும், பானையைச் சுண்டிக் 'கணீர்' என்பவரும் இந்தச் சொற்களை இன்னும் காப்பாற்றி வருகிறார்கள். அவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டியது நம் கடமை. பெயர் தெரியாத குறையை யாரிடம் போய் முறையிடுவது?

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். "ஸார், காகிதத்தைப் புரட்டினாலும் சத்தம் வருமா?"

வரும், அம்மா. 'சரசர' என்று அதற்குப் பெயர்.