கழற்றுகிற நேரம்

தம்பி, மினி டிராக்டர் டயரில் சங்கிலி சுற்றி ஓட்டுகிற படத்தைக் கைபேசியில் காட்டி, "பெரியப்பா, நம்ம வண்டிக்கும் இது ஒரு ஜோடி வாங்கிடலாமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. சேற்றில் டயர் சும்மா சுற்றினால் என்ன செய்வது என்பதுதானே உன் கவலை? சீர்காழிக்குக் கிழக்கே கடைமடையில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் அந்தக் கவலை உண்டு. தண்ணீர் கடைசியில் வந்து, கடைசியில் வடிகிற பூமி அது.

நீ பார்த்த சங்கிலி பனி விழுகிற ஊர்களுக்கானது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஹாரி வீட் என்பவர் 1904-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வழுக்குகிற பாதையில் கார்க்காரர்கள் டயரில் கயிற்றையும் கொடியையும் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். பதிந்த வண்டிக்கு வைக்கோல் பிரியைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அமெரிக்காக்காரன் என்ன, ஆக்கூர்க்காரன் என்ன, அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைத்தான் சுற்றுவான்.

அந்தச் சங்கிலியை மாட்டுகிற முறையையும் தெரிந்து வைத்துக்கொள், தப்பில்லை. முறுக்கு இல்லாமல் தரையில் விரித்து நேராக்கி, டயர்மேல் போர்த்தி, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, வெளிப்பக்கத்தை அப்புறம் இறுக்க வேண்டும். கொக்கியின் முனை டயரைக் குத்துகிற மாதிரி இருக்கக் கூடாது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்க வேண்டும்; முதல் இறுக்கம் நிலைக்காது. குறுக்குக் கண்ணி ஒன்று அறுந்தால் அங்கேயே நிறுத்தி மாற்றுக் கண்ணி போட வேண்டும். விட்டால் தொங்குகிற துண்டு மட்கார்டை அடித்துக் கிழித்துவிடும். இவ்வளவும் செய்தாலும் டிராக்டர் டயரின் பட்டன் மேடும் பள்ளமுமாக ஆழமானது, பார். சாதாரண ஏணிச் சங்கிலியின் குறுக்குக் கண்ணிகள் இரண்டு மேட்டுக்கு நடுவே இறங்கிப் படுத்துக்கொள்ளும். அதற்கென்று தனியாகப் பின்னிய சங்கிலிதான் பிடிக்கும். அதுவும் மேலே வழுக்கல், கீழே கெட்டித் தரை என்று இருந்தால்தான்.

நம் வயல் அப்படியா? களிமண். தண்ணீர் கட்டி ஒரு சால் ஓட்டினதும் பட்டன் இடுக்கெல்லாம் சேறு அப்பி டயர் மொட்டையாகிவிடும். சங்கிலி சுற்றினால் அதுவும் சேற்றோடு சேறாகப் போகும். அதனால்தான் நமக்குக் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம். வளையமும் ஆங்கிள் பட்டையும் தவிர நடுவெல்லாம் வெட்டவெளி. சேறு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். பாரம் அகலமாகப் பரவும். வண்டியை நகர்த்துகிற அதே பட்டை சேற்றையும் கலக்கிக் கொடுக்கும். அரை வீல் என்றால் டயருக்கு வெளியே சேர்த்து மாட்டுவது. முழு வீல் என்றால் டயரையே கழற்றிவிட்டு மாட்டுவது. அரை வீலை டயரைவிடக் கொஞ்சம் குட்டையாகச் செய்வார்கள். கெட்டித் தரையில் டயர் பாரம் தாங்கும், டயர் பதியும்போது இரும்பு வேலைக்கு வரும்.

டிராக்டர் பிறந்தபோது இரும்புச் சக்கரத்தோடுதான் பிறந்தது. 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி தன் டிராக்டரில் விமான டயரை மாட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் ரப்பர் பரவியது. உலகம் இரும்பைக் கழற்றி ரப்பருக்குப் போக, நெல் வயல் இரும்பையே திரும்ப மாட்டச் சொன்னது. எது உசத்தி என்று டீக்கடையில் உட்கார்ந்து வாதாடுகிறவர்களை விட்டுவிடு. ரோட்டுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று.

மாட்டுகிற வேலையை வயலில் இறங்குமுன், கெட்டியான மேட்டில் வைத்துக்கொள். இன்ஜினை நிறுத்தி, கைபிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடு. ஜாக்கிக்குக் கீழே பலகை வைக்காமல் தூக்காதே. வீலைத் தனி ஆளாகத் தூக்கி வீரம் காட்ட வேண்டாம். உருட்டிக் கொண்டுவந்து ரெண்டு பேர் நிமிர்த்துங்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்கு. வரிசையாக முடுக்கினால் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். முதல் வயலின் பாதியில் ஒருமுறை இறங்கி மறுபடி ஸ்பானர் போட்டுப் பார். லூசான நட்டோடு ஓட்டினால் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். அதன் பிறகு எத்தனை முடுக்கினாலும் நிற்காது. வெல்டிங் வைத்து அடைத்துப் புதிதாகத் துளை போட வேண்டியதுதான். போல்ட் தேய்ந்தால் ஹைடென்சைல் போல்ட்தான் வாங்க வேண்டும். சாதா போல்ட் சேற்று முறுக்கில் வெட்டுப்பட்டுப் போகும்.

ரிப்பேர் என்று பட்டறைக்குப் போனால் கூடவே நில். விரிசல் விட்ட இடத்தைக் கழுவி, துருவைத் தேய்த்து, கிரைண்டரால் பள்ளம் பறித்து, அதற்குள் வெல்டிங் நிரப்ப வேண்டும். மேலே ஒரு பூச்சுப் பூசிக் கொடுத்தால் ஒரு வயலுக்குக்கூடத் தாங்காது. ஒரு பக்கத்துப் பட்டை தேய்ந்தும் மறுபக்கம் புதிதாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். ரெண்டு பக்கத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல். வீலை வண்டியிலிருந்து கழற்றித்தான் வெல்டிங் வைக்க வேண்டும். டயர் மாட்டியிருக்கிற ரிம்மில் நெருப்புக் காட்ட யாரையும் விடாதே. காற்றை இறக்கிவிட்டேன் என்று சொன்னாலும் விடாதே. சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து வாயு பிடித்து டயர் வெடிக்கும். அது ஆளைக் கொல்லுகிற வெடி.

சரி, இறங்குகிற வயலைப் பற்றி. போன வருஷம் ஓட்டினதுதானே என்று இறங்கிவிடாதே. 2022 நவம்பர் 11-ஐ நீயும் பார்த்தாய். சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை. அப்படிப்பட்ட வெள்ளம் வந்து போனால் வாய்க்கால் உடைத்த இடத்தில் மணல் மேடு தட்டும், அதை ஒட்டியே பள்ளம் பறிக்கும். தண்ணீர் கட்டினபின் எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரியும். கம்பை ஊன்றி நடந்து பார். அதைவிட, அந்த வயலில் நடவு நடுகிற பெண்களிடம் கேள். எந்த மூலையில் கால் முழங்கால்வரை போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நிற்கிறவர். அவர் சொல்கிற ஆழத்தை நம்பி இறங்காதே.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி பதியும். பதிந்தால் அவமானம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் வரப்பில் கூட்டம் கூடும், ஆளுக்கு ஒரு யோசனை சொல்லும். அதில் ஒருவர் கட்டாயம், "பின் சக்கரத்துல ஒரு கட்டையைக் கட்டி முன்னால தூக்குங்க" என்பார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், ஆனால் அதைக் கேட்காதே. இன்ஜின் கொடுக்கிற முறுக்கு எதையாவது சுற்றியாக வேண்டும். சக்கரத்துக்கு வழி இருந்தால் சக்கரம் சுற்றும். கட்டை தரையில் முட்டிச் சக்கரத்தைத் தடுத்துவிட்டால், வண்டியின் உடம்பே பின் அச்சைச் சுற்றி எழும்பும். முன்சக்கரம் தூக்க ஆரம்பித்தபின் மீட்க முடியாத உயரத்துக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது. ஒன்றரை நொடியில் வண்டி உன்மேல் கிடக்கும். கிளட்சை மிதித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே அவகாசம் இல்லை.

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழத்துக்குத்தான் போவாய். நிறுத்து. ரோட்டவேட்டரைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் பாரத்தைக் குறை. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சேற்றை மண்வெட்டியால் வாரிவிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடு. வரவில்லையா, மேட்டில் நிற்கிற இன்னொரு வண்டியைக் கூப்பிடு. நீளமான வடம் வேண்டும். இழுக்கிற வண்டியில் வடத்தைக் கீழே டிராபாரில் மட்டும் மாட்டு. டாப் லிங்க் மாதிரி அச்சுக்கு மேலே இருக்கிற எதிலும் மாட்டினால் அந்த வண்டி பின்னால் கவிழும். வேடிக்கை பார்க்கிறவர்களை வடத்தின் நீளத்துக்கு அப்பால் போகச் சொல். போக மாட்டார்கள். போகிறவரை நீயும் இழுக்காதே.

வண்டியிலேயே இதற்கென்று சில வசதிகள் இருக்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றினால் டிஃபரன்ஷியல் லாக்கை மிதி. ரெண்டும் ஒன்றாகச் சுற்றி வெளியே வரும். வந்ததும் விட்டுவிட வேண்டும். மிதித்தபடி ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி திரும்பாது, உள்ளே பல்தான் உடையும். பிரேக்கும் அப்படித்தான். வயலில் இடது வலது தனித்தனியாக மிதித்தால் குறுகின மூலையில் திருப்பலாம். ரோட்டில் ஏறுமுன் ரெண்டு பெடலையும் சேர்த்துக் கொக்கி போட மறந்தவன், குறுக்கே ஒரு ஆடு வந்தால் ஒற்றைப் பெடலை மிதிப்பான். வண்டி அந்தப் பக்கம் சுழன்று கவிழும். கேஜ் வீல், லாக், பிரேக், மூன்றையும் சேர்த்து யோசித்துப் பார். சேற்றில் உன்னைக் காப்பாற்றுகிற ஒவ்வொன்றும் ரோட்டில் ஆபத்து. போடுவதற்கு யாரும் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம், சேறே ஞாபகப்படுத்தும். எடுப்பதற்குத்தான் ஞாபகப்படுத்த ஆள் கிடையாது.

வண்டியை விட்டு மனுஷனுக்கு வருகிறேன். நடவு நேரத்தில் ஆள் சேர்க்க, தண்ணீர்ச் சண்டை போட, குரலை உயர்த்தித்தான் ஆக வேண்டும். அந்தக் குரலோடு வீட்டுக்குள் நுழைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளம் வந்து கடன்பட்ட வருஷத்தில் காசை இறுக்கிப் பிடித்தார்கள். சரிதான், பிடித்திருக்காவிட்டால் மூழ்கியிருப்பார்கள். நல்ல விளைச்சல் வந்தபிறகும் மகளுக்குப் பஸ் காசு கொடுக்கக் கணக்குப் பார்ப்பார்கள். கஷ்டத்தில் கற்ற கெட்டித்தனம் என்று பெருமை வேறு. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இப்போது ரோட்டுக்கு வா. கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது என்று டெல்டா மாவட்ட நிர்வாகங்கள் அடிக்கடி எச்சரிக்கின்றன. இருந்தும் ஓட்டுகிறார்கள். கிராமத்து ரோட்டின் தார் மெல்லிசு. பட்டை வெட்டின இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி, அடுத்த மழைக்குள் அது குழியாகிவிடும். அதே குழியில்தான் நீ நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகப் போகிறாய். கெட்டித் தரையின் அதிர்ச்சி உன் பேரிங்கையும் போல்ட்டையும் சும்மா விடுவதில்லை. இருட்டில் எதிரே வருகிற பைக்காரனுக்கு உன் டயருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு தெரியவும் தெரியாது.

கழற்றத் தெரியாமல் யாரும் ஓட்டுவதில்லை, தம்பி. நேரம் இல்லாமல்தான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாள் பிடிக்கும். வந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். வாடகை மணிக் கணக்கு; வயலில் சக்கரம் சுற்றுகிற நேரத்துக்குத்தான் காசு. மாட்டிக் கழற்றுகிற நேரத்துக்கு யாரும் கொடுப்பதில்லை. அப்புறம் டிரைவர் எப்படிக் கழற்றுவான்? அவனை மட்டும் திட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஆகவே வண்டி கேட்டு வருகிறவரிடம் மணிக்கு இவ்வளவு என்று சொல்லும்போதே, வீல் மாட்டிக் கழற்றுகிற நேரமும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிடு. ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கூப்பிட்டால், ஒரே தடவை மாட்டி எல்லாவற்றையும் ஓட்டித் தருகிறேன், செலவைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல். பக்கத்து ஊர் வண்டி கழற்றாமலே வந்து குறைவாக ஓட்டித் தருகிறதே என்று ஒருவர் கேட்பார். அவர் அந்த வண்டியையே கூப்பிட்டுக்கொள்ளட்டும். வீலை டிரெய்லரில் ஏற்றிக் கட்ட நல்ல வடக்கயிறு வேண்டும், ஏற்றி இறக்க உன்னோடு ஒரு ஆள் வர வேண்டும். அந்த ஆளின் கூலியையும் இந்தக் குறுவைக்கே கணக்கில் எழுதி வை.