காகிதத் தூண்களில் நின்ற கோயில்

1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி, பொழுது விடியுமுன் 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே நகரை உலுக்கிய பூகம்பம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. நகாதா வட்டாரத்தில் நடுக்கம் விட்டுவைத்த மரவீடுகளையும் சிறு தொழிற்கூடங்களையும், பின்னால் மூண்ட தீ விழுங்கியது. அங்கே தகாதோரியில் இருந்த கத்தோலிக்கக் கோயிலும் அத்தீக்கு இரையாயிற்று. இரு கைகளையும் விரித்து நின்ற ஏசுநாதர் சுரூபம் மட்டும் சேதமின்றி எஞ்சியது. அப்பங்கு மக்களில் கணிசமானோர் வியத்நாமிலிருந்து அகதிகளாக வந்து, அவ்வட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைத்தவர்கள்.

இவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்த கட்டடக் கலைஞர் ஷிகேரு பான், காகிதத்தால் கோயில் எழுப்பித் தருவதாகச் சொன்னபோது, பங்குத் தந்தை இணங்கவில்லை. எரிந்து சாம்பலான இடத்தில் காகிதக் கட்டடமா என்று எவருக்குத்தான் தோன்றாது? ஆயினும் ஞாயிறுதோறும் டோக்கியோவிலிருந்து வந்து நின்ற அம்மனிதரின் பிடிவாதம் வென்றது. பணத்தையும் ஆட்களையும் அவரே திரட்டுவதானால் கட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. இதற்கிடையே, பூங்காக்களில் கூடாரமடித்துக் கிடந்த அகதிகளுக்கு, மணல் நிரப்பிய பீர்ப் பெட்டிகளை அஸ்திவாரமாக்கிக் காகிதக் குழாய்ச் சுவர் வீடுகளையும் அவர் அமைத்தார். 2001-இல் குஜராத்தின் புஜ் பகுதியில் இதே வகை வீடுகளைக் கட்ட நேர்ந்தபோது, பீர்ப் பெட்டிகளின் ஸ்தானத்தை இடிந்த வீடுகளின் கல்லும் மண்ணுமே வகித்தன.

தன்னார்வத் தொண்டர்கள் சுமார் 160 பேர் ஐந்து வாரங்களில் எழுப்பி, அவ்வாண்டு செப்டம்பரில் முடித்த கோயிலைச் சற்று நின்று பார்க்கலாம். வெளியே பத்து மீட்டருக்குப் பதினைந்து மீட்டரில் ஒரு நீள்சதுரம். அதன் மேனி ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு. உள்ளே, ஐந்து மீட்டர் உயரமும் முப்பத்து மூன்று சென்டிமீட்டர் விட்டமும் உள்ள 58 காகிதக் குழாய்கள் நீள்வட்டமாக நின்றன. குழாயின் கனம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். பீடத்தின் பின்னே அவை நெருங்கி நின்று ஒரு திரையாகவே அமைய, வாயிற்பக்கத்தில் விலகி இடம்விட்டதால், தூண்வரிசைக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஓடிய நடை உள்மண்டபத்தோடு ஒன்றிப்போயிற்று. மேலே கூடாரத் துணி போன்ற கூரை. பகலில் அதன் வழியே வெளிச்சம் இறங்கியது. ரோமாபுரியின் பெர்னினி என்ற பரோக் காலச் சிற்பி போற்றிய நீள்வட்டத்தை, துணிச் சுருளுக்கு உள்ளீடாகும் சரக்கைக்கொண்டு அமைத்துவிட்ட துணிவே எனக்கு அக்காகிதத்தைக் காட்டிலும் வியப்பளிக்கிறது.

சில ஆண்டுகளுக்கென்று எண்ணிய அக்கட்டடம் பத்தாண்டு நிலைத்தது. 2005-இல் நிரந்தரக் கோயிலுக்கு இடம்விட வேண்டி வந்தபோது, குப்பைக்குப் போகாமல், பிரித்துக் கட்டித் தைவானுக்குக் கப்பலேறிற்று. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய எந்தக் கோயிலுக்கு இது எளிதில் வாய்க்கும்? பிரிந்தும் கெடாமல் இருக்கத் தெரிந்ததே அதன் உறுதி என்பது என் எண்ணம். எடையாலும் கனத்தாலும் மட்டும் உறுதியை அளக்கும் நமக்கு இது சற்று விசித்திரமாகவே படும்.

தைவானில் அது சென்று சேர்ந்த, புலி என்ற ஊரை அடுத்த தாவோமி கிராமமும், 1999 செப்டம்பர் 21-இல் நேர்ந்த பூகம்பத்தில் குலைந்த ஊர். தவளைகளையும் தும்பிகளையும் பேணி, அவற்றைக் காண வருவோரைக்கொண்டு தன்னை மீட்டெடுத்துக்கொண்ட அவ்வூரில் 2008-இல் கோயில் மீண்டும் நிமிர்ந்தது. கோபேயில் அது இருந்த இடத்திலோ, முந்திய ஆண்டிலேயே, அதே ஷிகேரு பான் வகுத்த நிரந்தரக் கோயில் எழுந்திருந்தது. தாவோமியில் இசை நிகழ்ச்சிகளும் ஊர்க்கூட்டங்களும் நடக்கின்றன. இனியும் அதைக் கோயில் என்று சொல்வது தகுமா என்று சிலர் கேட்கக்கூடும். பூசை இல்லாத நேரங்களில் கோபேயிலும் அது ஊர்க்கூடமாகவே பயன்பட்டது.