அங்கால திரும்புடா

அக்கரைப்பற்றில் நாங்கள் அதை ‘ஹீரோஸ்’ என்று மட்டும்தான் சொன்னோம். முழுப்பெயர் ‘ஹீரோஸ் ஒஃப் மைட் அன்ட் மெஜிக் த்ரீ’. ஜோன் வான் கனெகம் தொடங்கிய நியூ வேர்ல்ட் கொம்பியூட்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது, 1999இல் வெளிவந்தது. எங்கள் கைக்கு வந்தபோது அது பழைய சாமான். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, கொழும்பு பஸ்ஸில் இரவு ஏறிப் போய் வருவது லேசான பிறகு, பம்பலப்பிட்டியிலிருந்து யாரோ கொண்டுவந்த கொப்பி சீடி. மார்க்கர் பேனையால் எழுதியிருந்த பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அந்தப் பிழையோடேயே ஊருக்குள் அது பத்துக் கொப்பியாகப் பெருகியது.

கடைத்தெருவில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு கொம்பியூட்டர் சென்டர். பகலில் ஓ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வேர்ட், எக்செல் வகுப்பு. இஷாவுக்குப் பிறகு மணித்தியாலக் கணக்கில் வாடகை. காசுள்ளவன்கள் ஆளுக்கொரு மெஷினில் உட்கார்ந்து கவுண்டர் ஸ்ட்ரைக்கில் சுட்டுக்கொள்வான்கள். நாங்கள் நாலு பேர் சில்லறையைச் சேர்த்து ஒரு மெஷின் எடுப்போம். அதுவும் மூலையில் கிடந்த ஆகக் கிழட்டு மெஷின். ஹீரோஸுக்கு அது போதும். 800க்கு 600 திரை, பென்டியம் 133 இருந்தாலே ஓடிவிடும். ஏழைக்கென்றே செய்த விளையாட்டு அது என்று நான் இப்போதும் சொல்வேன். செய்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரைபடம் முழுக்க இருட்டு. உனக்கு ஒரு பட்டினம், ஒரு குதிரைக்காரன், அவன் பின்னால் சின்னப் படை. அவன் நடக்க நடக்க இருட்டு விலகும். ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம்தான் நடக்கலாம். பட்டினத்தில் ஒரு கட்டடம்தான் எழுப்பலாம். தங்கச் சுரங்கம் பிடித்தால் நாளுக்கு 1000 பொன், மர ஆலை பிடித்தால் 2 மரம். ஏழு நாளைக்கு ஒரு வாரம். வாரத்தின் முதல் நாள் விடிந்தால் பட்டினங்களில் புதுப் படை சேர்ந்திருக்கும். சில மாதம் கொள்ளைநோய் என்று அறிவிப்பு வரும், எல்லாருக்கும் ஆள் பாதியாகும். இரண்டு படை மோதினால் திரை மாறி, ஆறுகோணக் கட்டம் போட்ட களம் விரியும். அங்கேயும் முறை வைத்துத்தான் அடி. மவுஸை வைத்துவிட்டுக் கீழே போய் பிளேன்டீ குடித்து வந்தாலும் எதிரி நின்ற இடத்திலேயே நிற்பான்.

இதில் ‘ஹொட் சீட்’ என்றொரு வழி இருந்தது. ஒரே மெஷினில் எட்டுப் பேர் வரை மாறி மாறி ஆடலாம். உன் முறை முடிந்ததும் அடுத்தவனின் கொடியோடு ஒரு பெட்டி திரையில் வரும். நீ கதிரையை விட்டு எழும்ப வேண்டும், அவன் உட்காருவான். அவன் ஆடும் மட்டும் மற்ற மூன்று பேரும் திரையைப் பார்க்கக் கூடாது. இந்தச் சட்டத்தை விளையாட்டால் காப்பாற்ற முடியாது. அவனுக்கு எத்தனை டிராகன், எந்தப் பாதையால் வருகிறான், எந்தச் சுரங்கம் காவலில்லாமல் கிடக்கிறது, எல்லாம் உன் முதுகுக்குப் பின்னால் வெட்டவெளிச்சமாகக் கிடக்கும். கழுத்தைத் திருப்பினால் போதும். “அங்கால திரும்புடா” என்ற ஒரு சத்தம்தான் வேலி. யன்னலுக்குப் போய் நின்று தெருவைப் பார்ப்போம். யன்னல் கண்ணாடியில் திரை தெரிகிறது என்று ஒருநாள் கண்டுபிடிபட்டது. அதற்குப் பிறகு யன்னலையும் திறந்துவைக்க வேண்டும் என்று சட்டம். நுளம்பு கடிக்கும். அளாப்பி என்று பேர் கேட்பதைவிட நுளம்பு பரவாயில்லை.

கொடி நிறமே எங்களுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. சிவப்பு, நீலம், பச்சை. நான் மண் நிறம். நீலம் முறைக்கு இருபது நிமிஷம் எடுப்பான். ஒரு மரக்கட்டைக் குவியலை இன்றைக்கு எடுப்பதா நாளைக்கு எடுப்பதா என்று ஸ்ரீலங்கா வரவு செலவுத் திட்டம் போடுவதுபோல யோசிப்பான். அந்த இருபது நிமிஷமும் நாங்கள் மூன்று பேர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைப்போம். கம்பஸ் கிடைக்குமா, ஒலுவிலா பேராதனையா, யார் வீட்டில் யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், எவன் கட்டாருக்குப் போக பாஸ்போட் எடுத்திருக்கிறான். அந்த வயதில் நான் கேட்ட முக்கியமான செய்தி எல்லாம் நீலத்தின் முறையில் கேட்டவைதான். சிவப்பு தன் வாப்பாவின் நோயைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான், யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. முகம் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

கடைக்காரக் காக்காவுக்கு இந்த விளையாட்டில் ஒரே ஒரு முறைப்பாடு. ‘காசில்’ என்ற பட்டின வகையில் கடைசிப் படை ஆர்க்கேஞ்சல். திரையைப் பார்த்துவிட்டு, “மலக்குமாரைக் காசுக்கு எடுத்துச் சண்டை பிடிக்கிற விளையாட்டாடா இது?” என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எவனும் காசில் எடுக்கவில்லை. ஆனால் டவரில் ஜின் இருந்தது, இன்ஃபேர்னோவில் இஃப்ரீத் இருந்தது. இரண்டையும் ஓதப்பள்ளியில் ஸுலைமான் நபியின் கதையில் ஏற்கெனவே கேட்டிருந்தோம். ஸ்ட்ரோங்ஹோல்டில் ரொக் பறவை. அதன் காலில் தன்னைக் கட்டிக்கொண்டு பறந்த சிந்துபாத், ஆறாம் பயணத்தில் ஸரந்தீபில், அதாவது எங்கள் தீவில், கரையேறியவன். வெள்ளைக்காரன் செய்த விளையாட்டுக்குள் எங்களுக்குத் தெரிந்த ஆட்கள் இவ்வளவு பேர் இருந்தார்கள். எல்ஃபும் டென்ட்ரொயிடும்தான் அந்நியம்.

அந்த அந்நியப் பட்டினத்தைத்தான் நான் எடுத்தேன். ராம்பார்ட். அதில் ட்ரெஷரி என்று ஒரு கட்டடம் உண்டு. வாரம் மாறும்போது கையிலிருக்கும் பொன்னுக்குப் பத்து வீதம் மேலதிகமாகத் தரும். முதல் தடவை அதைக் கண்ட பச்சை கத்திய கத்தலில் கவுண்டர் ஸ்ட்ரைக்காரன்களும் திரும்பிப் பார்த்தான்கள். “டேய், இது வட்டிடா! ஹராம்டா!” அன்றிலிருந்து என் படை முழுக்க வட்டிப் படை. வட்டியா இலாபமா என்ற விவாதம் எங்களுக்குள் பல வாரம் ஓடியது. மௌலவி ஒருவரிடம் கேட்போம் என்றுகூட நீலம் சொன்னான். என்னவென்று கேட்பது?

நோன்பு மாதம்தான் உச்சம். அந்த ஆண்டுகளில் நோன்பு ஒக்டோபர், நவம்பரில் வந்தது. மாரிமழை பிடிக்கும் காலம். தராவீஹ் முடிந்து வந்தால் சஹர் வரைக்கும் இரவு எங்களுடையது. வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஊரே முழித்திருக்கும். அடிக்கடி கரண்ட் போகும். யூபிஎஸ் கீச்சிட்டுக் கொண்டே சில நிமிஷம் தாக்குப் பிடிக்கும், அதற்குள் சேவ் பண்ண வேண்டும். யாருடைய முறையில் கரண்ட் போனதோ அவன் சேவ் பண்ணும்போது திரையில் கண்டதை மற்றவன் சொல்லிக்காட்டக் கூடாது, அதுவும் சட்டம். பிறகு இருட்டில் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டு, போன வாரச் சண்டையைத் திரும்ப வாயால் ஆடுவோம். திரையில் ஆடியதைவிட அது நன்றாக இருக்கும்.

வாப்பா வயல்காரர். சிறுபோகத்தில் இங்கினியாகலை சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்காலில் முறை வைத்து வரும். எங்கள் வட்டைக்கு முறை நடுச்சாமத்தில் வந்தால் மண்வெட்டியோடு சைக்கிளில் போவார். ஒருநாள் இந்த விளையாட்டு என்னவென்று கேட்டார். ஒருவன் முடிக்கும் மட்டும் மற்றவன் காத்திருக்க வேண்டும், ஒளித்துப் பார்க்கக் கூடாது என்றேன். “அப்ப முறைத்தண்ணிதான். கள்ளமா மடை திறக்கிறவன் உங்களுக்குள்ளயும் இருப்பானே?” என்றார். பச்சையின் பேரைச் சொன்னேன். ஆதாரம் இல்லை, ஆனாலும் சொன்னேன்.

2004 மார்கழியில் கடல் வந்தது. இலங்கையில் ஆக மோசமாக அடிபட்ட மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல் உயிர் போனது. அந்தக் கதை வேறு, அதை இந்தக் குறிப்புக்குள் வைக்க எனக்கு மனமில்லை. விளையாட்டுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். உதவி நிறுவனங்கள் ஊருக்குள் வந்தன. எக்செலில் பட்டியல் அடிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் வேலை. நாங்கள் நாலு பேரும் சில மாதத்துக்குள் கழுத்தில் அட்டை தொங்க அலைந்தோம். கொம்பியூட்டர் சென்டரின் மெஷின்கள் இரவிலும் பெயர்ப் பட்டியலும் கூடாரக் கணக்கும் அடித்தன. பிறகு கலியாணங்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போவான். சிவப்பு நிந்தவூருக்குப் போனான், நீலம் சாய்ந்தமருதுக்கு. இரண்டும் பஸ்ஸில் கூப்பிடு தூரம்தான், ஆனால் மாமி வீட்டிலிருந்து இஷாவுக்குப் பிறகு வெளிக்கிட்டு விடிய வர எந்த மருமகனால் முடியும்? பச்சை ரியாத்துக்கு. நான் தோஹாவுக்கு.

எங்களுக்கு இதெல்லாம் நடக்க முதலே, விளையாட்டைச் செய்தவர்களும் ஒழுங்காக இருக்கவில்லை. அவர்களின் தாய் நிறுவனமான த்ரீடீஓ 2003இல் வங்குரோத்தானது. பெயரின் உரிமையை 13 இலட்சம் டொலருக்கு யூபிசொஃப்ட் வாங்கியது. அதன் பிறகு வந்த ஐந்தையும் ஆறையும் ஏழையும் நான் ஆடிப் பார்த்தேன். ஐந்து பரவாயில்லை. மற்ற இரண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2015இல் மூன்றையே துலக்கி எச்.டி. பதிப்பாக விற்றார்கள். காசு கொடுத்து வாங்கினேன், முதன்முறையாக. படம் கண்ணாடிபோல இருந்தது. ஆனால் இரண்டு விரிவாக்கங்களும் அதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் புது வரைபடம் போட்டுத் தரும் வசதி அவற்றில் ஒன்றோடு வந்தது என்பதால் அதுவும் இல்லை.

உண்மையில் இந்த விளையாட்டைச் சாகவிடாமல் வைத்திருப்பவர்கள் ரசிகர்கள், முக்கியமாக ரஷ்யாவிலும் போலந்திலும். ‘ஹோர்ன் ஒஃப் தி அபிஸ்’ என்று 2011 கடைசியில் அவர்கள் வெளியிட்ட விரிவாக்கத்தில் கடற்கொள்ளையர் பட்டினம்கூடப் புதிதாக இருக்கிறது. இணையத்தில் ஆள் தேடி ஆடலாம். தோஹாவில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அறையில் எல்லாரும் தூங்க, நான் ஆடிப் பார்த்தேன். என்ன கெட்டித்தனம்! நாங்கள் மூன்று மாதத்தில் செய்வதை அவன்கள் இரண்டாம் வாரத்தில் முடிக்கிறான்கள். எந்தப் படையை எத்தனையாகப் பிரித்து வைத்தால் எதிரி எங்கே பாய்வான் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் முறைக்கு மணிக்கூடு வைத்திருக்கிறார்கள், செஸ் போட்டிபோல. முதல் நாட்களில் இருவரும் ஒரே நேரத்தில் நகரலாம், காத்திருக்கத் தேவையில்லாமல். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. நான் தோற்று முடிந்ததும் அவன் ‘ஜீஜீ’ என்று இரண்டு எழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுடைய வாப்பாவுக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியாது.

கொம்பியூட்டரோடு தனியே ஆடினால் அதன் முறை கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. அந்தச் சின்ன நேரத்திலும் நான் திரையை விட்டுத் தலையைத் திருப்புகிறேன். பக்கத்துக் கட்டில்காரர் வந்தாறுமூலைக்காரர், “என்ன தம்பி, கழுத்துப் பிடிப்பா?” என்று கேட்டார்.

கடைசி ஆட்டம் முடியவேயில்லை. அந்த மார்கழியில், பெருநாள் போய்க் கொஞ்ச நாளில் சேவ் பண்ணி வைத்தது. அந்த ஹாட்டிஸ்க் எப்போதோ பழைய இரும்போடு போயிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் யார் வென்றிருப்பான் என்று இன்றும் பொறி பறக்கிறது. சிவப்பும் நீலமும் தங்களுக்கு ஒன்றும் இல்லையென்று எப்போதோ ஒப்புக்கொண்டாயிற்று. பச்சை மட்டும் மசியவில்லை. அவனுக்கு டன்ஜன் பட்டினம், கறுப்பு டிராகன். எந்த மந்திரமும் அதன் மேல் ஏறாது. ஆகவே ஆர்மகெடானைச் சொல்லிக் களம் முழுக்க எரித்தால் என் எல்ஃபும் குதிரையும் சாம்பல், அவனுடைய டிராகன் மட்டும் நிற்கும் என்கிறான். எல்ஃப் சாம்பல்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் என்னிடமும் தங்க டிராகன் இருந்தது. நாலாம் நிலை வரை எந்த மந்திரமும் அதில் ஏறாது, ஆர்மகெடான் நாலாம் நிலை. கறுப்புக்கு உயிர் 300, தங்கத்துக்கு 250, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேகம்? தங்கம் 16, கறுப்பு 15. முதல் அடி என்னுடையது. இதை நூறு தடவை எழுதிவிட்டேன். ரியாத்திலிருந்து அவன் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறான்: “வட்டிக் காசில வாங்கின டிராகன் அடிக்காது மச்சான்.”